மஞ்சள் பாம்பு யார் பிள்ளை?

பங்குனி, சித்திரையில் ஐந்தருவியில் தண்ணீர் சுருங்கிப் பாறை தெரியத் தொடங்கும். மேலே திரிகூடமலைக் காட்டில் பெண் மலைப்பாம்புகள் முட்டையிடும் காலம் அது. முள்ளம்பன்றி தோண்டிவிட்டுப் போன வளையோ, பாறை இடுக்கோ, பட்டுப்போன மரத்தின் பொந்தோ கிடைத்தால் போதும். முட்டைகளை ஒன்றாகக் குவித்து, அவற்றைச் சுற்றி உடம்பைச் சுருட்டி, உச்சியில் தலையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கேயே கிடக்கும். குளிர் தட்டினால் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி உடம்பைச் சூடாக்கும். மற்ற நாட்களில் வெயிலை நம்பியே பிழைக்கும் பிராணி, அடைகாக்கும்போது மட்டும் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 1966-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் அடைகாத்த ஒரு தாய்ப்பாம்பை ஹட்சிசன், டவுலிங், வினெகர் மூவரும் அளந்து பார்த்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். சுற்றியிருந்த காற்றைவிடச் சில டிகிரி கூடுதல் சூட்டில் அது முட்டைகளை வைத்திருந்தது.

சாரல் இறங்கும் ஆனி, ஆடி வாக்கில் முட்டைகள் பொரியும். வெளியே வரும் குட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு என்று தோன்றும். மணல் நிற உடம்பு, அதன்மேல் கரும்பழுப்புத் திட்டுகள், தலையில் ஈட்டி முனை போல ஒரு குறி. குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றில் இரண்டு திட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்; இன்னொன்றில் அதே இடத்தில் இடைவெளி இருக்கும். ஒரே தாய் ஒரே நாளில் பெற்ற பிள்ளைகள்தான். ஆனாலும் இரண்டு குட்டிக்கு ஒரே குறி அமைவதில்லை.

அதே மாதங்களில் கீழே ஐந்தருவிச் சாலையில் சீசன் களைகட்டியிருக்கும். மங்குஸ்தான், ரம்பூட்டான், துரியன் என்று பழக்கடைகள் வரிசைகட்டி நிற்கும். அப்படியொரு கடையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கல்லாவில் இருந்த பையன் செல்போனை என் பக்கம் திருப்பினான். கண்ணாடிப் பெட்டிக்குள் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. கண் சிவப்பு.

“அண்ணாச்சி, இது சாயம் அடிச்சதா, இல்ல பொறக்கும்போதே இப்படியா? இதுக்குப் பொறக்குற குட்டியும் இப்படித்தான் இருக்குமா?”

அவன் காட்டியது பந்து மலைப்பாம்பு. வளர்ப்பவர்கள் பால் பைத்தான் என்பார்கள். பயந்தால் தலையை நடுவே புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பாம்பு. மூன்றிலிருந்து ஐந்தடி நீளம், சாதுவான குணம். காட்டில் பிறக்கும் குட்டி கரும்பழுப்பில் வெளிர்த் திட்டுகளோடு இருக்கும். மஞ்சள், வெள்ளை, சாம்பல், கோடு, புள்ளி என்று செல்போனில் வலம் வருபவை பெரும்பாலும் மனிதர் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து உண்டாக்கியவை. இந்த வகைகளுக்குச் சந்தையில் மார்ஃப் என்று பெயர்.

பையன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலை நம்பித்தான் ஒரு உலகச் சந்தையே நடக்கிறது. அதன் ஒரு கிளை தமிழ்நாட்டு விமான நிலையங்கள் வரை நீண்டிருக்கிறது.

பெட்டியில் வந்த பாம்புகள்

2023 ஜனவரி 11. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்து, உரிமை கோர ஆளில்லாமல் நின்ற இரண்டு பைகளைச் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகள், 8 சோளப் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள். எல்லாம் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அதே வருடம் ஜூலை இறுதியில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. செப்டம்பரில் பெங்களூருவில் பிடிபட்ட 78 உயிர்களில் 55 பந்து மலைப்பாம்புகள், பல நிற வகைகள். அந்தப் பெட்டியில் இருந்த 6 கபுச்சின் குரங்குகள் செத்தே வந்து சேர்ந்தன.

காட்டுப்பழுப்பில் ஒரு பாம்புக்கு யாரும் இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்க மாட்டார்கள். விலை நிறத்துக்கு. நிறம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கும் என்றால், வாங்குகிறவர் ஒரு பாம்பை வாங்கவில்லை, ஒரு பரம்பரையையே வாங்குகிறார். அப்படியானால் நிறம் இறங்குகிறதா?

பெரும்பாலும் ஆம். ஆனால் எல்லாக் குறியும் இல்லை. இறங்கும் குறியோடு சேர்ந்து வேறு சிலதும் இறங்குகின்றன. இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் விற்கிறவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

கறுப்பை எடுத்தால் மஞ்சள்

முதலில், மஞ்சள் எங்கிருந்து வருகிறது? மனிதத் தோலில் நிறம் தருவது முக்கியமாக மெலனின் என்ற ஒரே நிறமி. பாம்புக்கு அப்படியில்லை. கறுப்பும் பழுப்பும் தரும் செல்கள் ஒரு வகை. மஞ்சளும் சிவப்பும் தருபவை இன்னொரு வகை. மூன்றாவது வகையில் நிறமியே கிடையாது. நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறடித்து வெண்மையும் பளபளப்பும் தரும். இந்த மூன்றும் அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் ஒரு பாம்பின் சட்டை. அல்பினோ பாம்பில் மெலனின் மட்டும் உருவாவதில்லை. கறுப்பு விலகிய இடத்தில், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் மேலே தெரிகிறது. பையன் காட்டிய பாம்பில் யாரும் எதையும் பூசவில்லை. ஒன்று குறைந்திருக்கிறது.

அந்தக் குறை பரம்பரையாக இறங்கும் என்று அமெரிக்கப் பாம்பு வளர்ப்பாளர் பாப் கிளார்க் 1992-ல் நிறுவினார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அல்பினோவை வைத்து, வளர்ப்பிலேயே அல்பினோக் குட்டிகளைப் பொரிக்கச் செய்தார். உடம்பில் பாதி தூய வெள்ளையாகவும் மீதி இயல்பான குறியோடும் இருக்கும் பைபால்டு வகை 1997-ல் அதேபோல நிறுவப்பட்டது. அதன்பின் சந்தை பெருத்துப் போனது. இன்று பந்து மலைப்பாம்பின் நிற வகைகளும் அவற்றின் கலப்புகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வளர்ப்பாளர்கள் செய்ததில் புதுமை ஒன்றுமில்லை. இந்தியாவில் அதே சோதனை பாம்புக்கு முன்பே புலியில் நடந்துவிட்டது. 1951 மே மாதம் ரேவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் காட்டில் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பேர் வைத்து வளர்த்தார். பேகம் என்ற சாதாரணப் புலியோடு சேர்த்ததில் மூன்று ஈற்றுக் குட்டிகள் பிறந்தன. ஒன்றுகூட வெள்ளை இல்லை. அந்தக் குட்டிகளில் ஒன்றான ராதாவை மோகனோடே சேர்த்தார்கள். 1958-ல் ராதா ஈன்ற நான்கும் வெள்ளை. ராதாவின் உடம்பில் வெள்ளைக்கான மரபணுவின் ஒரு பிரதி மறைந்தே இருந்திருக்கிறது. தந்தையிடமிருந்து வந்த இன்னொரு பிரதி சேர்ந்தபோதுதான் குட்டிகளில் அது வெளியே வந்தது. பள்ளிப் பாடத்தில் ஒடுங்குதன்மை என்று படித்ததற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. வண்டலூரில் நாம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டும் வெள்ளைப் புலிகளின் கதை தொடங்குவதும் மோகனிடம்தான். அந்த வெண்மைக்குக் காரணம் SLC45A2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை மாற்றம் என்று 2013-ல் தெரிந்தது.

நிறத்துக்கு மட்டுமல்ல, குறியின் வடிவத்துக்கும் பரம்பரை உண்டு. ஒடிசாவின் சிமிலிபாலில் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று கலந்து, கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. வெளியிலிருந்து புலி வராமல் தனித்துப்போன சிறிய கூட்டம் அது. அதனால் வேறெங்கும் அபூர்வமான ஒரு குறி அங்கே மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட புலிகளில் இருக்கிறது. அதே மரபணுவில் வரும் மாற்றங்கள்தான் ஆப்பிரிக்காவின் ராஜ சிறுத்தைக்கும் நம் வீட்டுப் பூனைகள் சிலவற்றுக்கும் பெரிய திட்டுகளைத் தருகின்றன.

ஒரு ஈற்றில் தெரிந்துவிடாது

விநோதமான குறியோடு ஒரு பாம்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறி பரம்பரையா, தற்செயலா என்று எப்படிச் சொல்வது? பார்த்துச் சொல்ல முடியாது. இணைசேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்ப்பாளர்கள் இப்படி நிரூபிக்கப்படாத விநோதத்தை டிங்கர் என்பார்கள்.

முதலில் அதைச் சாதாரணப் பாம்போடு சேர்க்க வேண்டும். பாதிக் குட்டிகள் அதே குறியோடு பிறந்தால் விஷயம் எளிது. ஒரு பிரதி இருந்தாலே குறி வெளியே தெரிகிறது. பாஸ்டல் வகை அப்படித்தான். அதில் இரண்டு பிரதி சேர்ந்தால் நிறம் இன்னும் தூக்கலாக வரும். லெஸ்ஸர் வகையில் இது அதிசயமாகவே இருக்கும். பழுப்பு நிற லெஸ்ஸர் இரண்டைச் சேர்த்தால், நீலக் கண்ணோடு முழு வெள்ளைக் குட்டி பிறக்கக்கூடும். பெற்றோர் இருவரிலும் வெள்ளையின் சுவடே இருக்காது.

முதல் ஈற்றில் எல்லாக் குட்டியும் சாதாரணமாகப் பிறந்தால் என்ன செய்வது? ஒடுங்குதன்மையாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குட்டிகள் வளர்ந்து, தங்களுக்குள்ளோ பெற்றோரோடோ சேர்ந்து முட்டையிடும்வரை பொறுக்க வேண்டும். பெண் பாம்பு முட்டையிடும் வயதுக்கு வர ஏறக்குறைய மூன்று வருடம். அப்போதும் பதில் நிச்சயமில்லை. மறைவாகச் சுமக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது கணக்கு. பந்து மலைப்பாம்பு ஒரு தடவைக்கு ஆறு முட்டைபோலத்தான் இடும். ஆறிலும் ஒன்றுகூட அந்தக் குறியோடு பிறக்காமல் போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. “ஒரு ஈற்று பார்த்தேன், வரவில்லை, அதனால் பரம்பரை இல்லை” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இரண்டு ஈற்று, பன்னிரண்டு முட்டை பார்த்தபின் அந்தச் சந்தேகம் நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கிவிடும்.

இவ்வளவு பொறுமையும் குறிப்பேடும் தேவைப்படும் கேள்விக்கு அண்மையில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. மிச்சிகனில் உள்ள ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹன்னா சைடலும் அவருடைய மாணவர்களும் பாம்பு வளர்ப்பவர்களிடம் உரித்த சட்டையை மட்டும் அனுப்பச் சொன்னார்கள். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். வேலியோரம் கிடந்தால் காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறோமே, அந்த மெல்லிய சட்டையிலேயே மரபணு இருக்கிறது. 2022-ல் முடிவு வெளிவந்தது. அல்பினோவுக்குக் காரணம் TYR மரபணு, லாவெண்டர் அல்பினோவுக்கு OCA2, அல்ட்ராமெல் வகைக்கு TYRP1. மனிதர்களில் நிறமி இழப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கும் காரணமாக இருப்பவை இதே மரபணுக்கள். பாம்பும் நாமும் பிரிந்து முப்பது கோடி வருடத்துக்கு மேல் ஆகியும் கறுப்பு நிறத்தைச் செய்யும் வேலை இன்னும் ஒரே கைகளிடம்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு பைபால்டுக்கு tfec என்ற மரபணுவைக் காட்டியது. அதோடு நிற்காமல் ஒரு சிறு பல்லியில் அதே மரபணுவை வெட்டிப் பார்த்து, நிறச் செல்கள் பாதிக்கப்படுவதையும் உறுதி செய்தது.

பரம்பரை இல்லாத குறிகள்

அப்படியானால் முட்டைக்குள் எல்லாமே முன்பே எழுதப்பட்டுவிட்டதா? இங்கேதான் அடைகாத்த தாயிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. 1970-களில் ஆலன் வினெகர் இந்திய மலைப்பாம்பின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார். 30 டிகிரிக்குச் சற்று மேலே குட்டிகள் நன்றாக வந்தன. சூடு குறையக் குறைய வளர்ச்சியில் கோளாறு கூடியது. முதுகெலும்பு வளைந்தது, உடம்புக் குறியும் மாறியது. தாய் ஏன் அத்தனை நாள் பட்டினி கிடந்து தசையைத் துடிக்கவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பதில் வேண்டுமா? வளர்ப்பிலும் பெட்டியின் சூடு தவறினால் முதுகுத் திட்டுகள் கலைந்து கோடாக நீண்ட குட்டிகள் பிறப்பதுண்டு. பார்க்க அபூர்வ மார்ஃப் போலவே இருக்கும். அவற்றின் பிள்ளைகளில் அந்தக் கோடு இருக்காது. விவரம் தெரியாமல் அதிக விலை கொடுத்தவர் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரிந்துகொள்வார்.

சூடு சரியாக இருந்தாலும் தற்செயலுக்கு இடமுண்டு. நிறச் செல்கள் கருவின் முதுகோரத்தில் பிறந்து, அங்கிருந்து தோலெங்கும் நகர்ந்து போகின்றன. எந்தச் செல் எவ்வளவு தூரம் போகும், எங்கே பக்கத்துச் செல்லோடு மோதி நிற்கும் என்பதையெல்லாம் மரபணு அங்குலம் அங்குலமாகக் கட்டளையிடுவதில்லை. ஒரே புள்ளிக் கணக்கில் இரண்டு பேர் போடும் கோலம் போல, கணக்கு ஒன்றாக இருந்தாலும் இழை மாறிவிடும். பைபால்டு பாம்பு வெள்ளையோடு பிறக்கும் என்பது பரம்பரை. வெள்ளை எத்தனை விரற்கடை, கழுத்தில் தொடங்குமா நடுவில் தொடங்குமா என்பது ஒவ்வொரு குட்டிக்கும் வேறு.

பரம்பரைக்குள்ளேயே ஒரு விநோதம் உண்டு. பனானா என்ற மஞ்சள் வகையில் சில ஆண் பாம்புகளுக்குப் பிறக்கும் மஞ்சள் குட்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஆணாக இருந்தன. வேறு சில ஆண்களுக்கு மஞ்சள் குட்டிகள் பெண்ணாகவே பிறந்தன. வளர்ப்பாளர்கள் குறித்துவைத்த கணக்குகள் ஒரு வழியைக் காட்டின. அந்த மரபணு பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. தந்தையிடமிருந்து பெற்ற ஆண் அதை மகன்களுக்குக் கொடுக்கிறான், தாயிடமிருந்து பெற்றவன் மகள்களுக்கு. பாம்புகள் எல்லாவற்றுக்கும் பறவைகளைப் போன்ற பால் குரோமோசோம் என்று அரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2017-ல் டோனி கேம்பிள் குழு மலைப்பாம்பிலும் போவாவிலும் நம்மைப் போன்ற எக்ஸ்-ஒய் முறை இருப்பதை நிறுவியது. அந்த முடிவுக்கு வழிகாட்டியதில் இந்தக் குறிப்பேடுகளுக்கும் பங்குண்டு. விஞ்ஞானியின் கருவிக்கு முன்னால் ஒரு சாதாரண மனிதரின் ஒழுங்கான கணக்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

ஐந்தருவிக் கடையில் குவித்திருக்கும் மங்குஸ்தானுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. மங்குஸ்தான் விதை மகரந்தம் சேர்ந்து உண்டாவதில்லை. தாய்மரத்தின் திசுவிலிருந்தே முளைக்கிறது. அதனால் விதையிலிருந்து வரும் மரம் தாயின் நகல். பழத்தின் தரத்தில் ஏமாற்றம் குறைவு. மலைப்பாம்பிலும் ஆண் துணையில்லாமல் குட்டி பிறந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையின் பர்மிய மலைப்பாம்பு ஒன்று அப்படி இட்ட முட்டைகளில் கரு வளர்ந்ததை 2003-ல் மரபணுச் சோதனை உறுதி செய்தது. பந்து மலைப்பாம்பிலும் இது நடந்திருக்கிறது. அதில் குட்டி தாயின் அச்சு நகலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தாயிடம் ஒற்றைப் பிரதியாக மறைந்திருந்த நிறம் குட்டியில் இரட்டைப் பிரதியாகி வெளியே வரலாம். தந்தை இல்லாத குட்டி, தாயிடம் காணாத நிறத்தோடு பிறக்கும்.

நிறத்தோடு கூடவே இறங்குவது

1999 வாக்கில் அமெரிக்காவில் ஸ்பைடர் என்ற வகை அறிமுகமானது. திட்டுகள் மெலிந்து சிலந்தி வலை போல இழையோடும். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஒற்றைப் பிரதியிலேயே குறி வெளியே வருவதால் வேகமாகப் பரவியது. அதோடு இன்னொன்றும் பரவியது. இந்தப் பாம்புகளின் தலை தானாக ஆடும். சில இரையைக் குறிவைத்துப் பாய்ந்தால் விலகிப் போகும். தலைகீழாகப் புரண்டால் நேராகத் திரும்பத் தெரியாமல் சுற்றிக்கொண்டே கிடப்பவையும் உண்டு. வளர்ப்பில் கோளாறு, சூட்டில் கோளாறு என்று வருடக்கணக்கில் சாக்குச் சொன்னார்கள். 2022-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நுண் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, உடல் சமநிலையைக் காக்கும் உள்காதின் அரைவட்டக் குழாய்களும் பையும் ஸ்பைடர் பாம்புகளில் உருக்குலைந்திருந்தது தெரிந்தது.

இது தற்செயல் சேர்க்கை இல்லை. நிறச் செல்கள் கருவில் எந்த மூலத்திலிருந்து கிளம்புகின்றனவோ, அதே மூலத்திலிருந்து நரம்பின் பகுதிகளும் கிளம்புகின்றன. உள்காதிலும் நிறச் செல்களுக்கு வேலை உண்டு. முன்னங்குடுமி வெள்ளையாகவும் காது கேளாமலும் பிறக்கும் குழந்தைகளை மருத்துவர்கள் அறிவார்கள். வெள்ளைப் புலிகள் பல மாறுகண்ணோடு இருப்பதற்குக் காரணம், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தடம் மாறியிருப்பது. அதன்மேல் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததில் வந்த நோய்கள் வேறு. எல்லா மார்ஃபும் இப்படியில்லை. அல்பினோ, பைபால்டு பந்து மலைப்பாம்புகள் வளர்ப்பில் ஆரோக்கியமாகவே இருக்கின்றன. ஆனால் தலை ஆடும் ஒரு பிராணியை, அதன் ஆட்டம் பிள்ளைகளுக்கும் இறங்கும் என்று தெரிந்தே, முதுகின் அழகுக்காகத் திரும்பத் திரும்பப் பிறக்க வைப்பதை நான் கொடுமை என்றுதான் சொல்வேன். நல்ல வளர்ப்பாளர்கள் பலர் அதை நிறுத்திவிட்டார்கள்.

காட்டில் நடப்பது வேறு. அங்கே நிறத்துக்கு விலை வைப்பது கழுகும் கீரியும். மஞ்சள் குட்டி சருகின்மேல் பளிச்சென்று தெரியும், பெரும்பாலும் முதல் வருடத்தைத் தாண்டாது. அதற்காக நம் மலையில் எல்லாப் பாம்பும் ஒரே நிறம் என்று நினைத்துவிடக்கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள், சாம்பல் என்று பல நிறங்களில், ஒரே ஓடைக்கரையில்கூடக் கிடைக்கும். நிறத்தை மட்டும் பார்ப்பவர் இவற்றை நாலு பாம்பு என்று எண்ணிவிடுவார். மறுபக்கம், 2021-ல் வெளியான மரபணு ஆய்வு, ஒரே பேரில் அழைக்கப்பட்ட குழிவிரியன்களுக்குள் உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பதைப் பிரித்துக் காட்டியது. மலைத்தொடர் அறுபடும் கணவாய்கள்தான் அப்படிப் பிரிப்பவை. அதில் ஒன்று நம் செங்கோட்டைக் கணவாய். குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரலை அனுப்பும் அதே வாசல், ஊர்வனவற்றுக்கு எல்லைக்கோடு.

தப்பிய மரபணு

நிறத்துக்காக வாங்கிய பாம்பு வளர்ந்து சலித்துப்போனபின் என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சாட்சி. வீட்டில் வளர்த்துவிட்டு வெளியே விட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புநிலம் முழுக்கப் பெருகி, முயலையும் ரக்கூனையும் ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டன. 2017 ஜனவரியில் அவற்றைப் பிடிக்கச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் போனார்கள். மற்றவர்கள் பாம்பையே பார்க்க முடியாமல் திரும்பிய இடத்தில், தடம் பார்த்து, இரண்டு வாரம் சொச்சத்தில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஃபுளோரிடாப் பாம்புகளில் 400 வரை எடுத்து மரபணு பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ல் ஒன்று சொன்னார்கள்: குறைந்தது 13 பாம்புகளில் இந்திய மலைப்பாம்பின் மரபணு கலந்திருக்கிறது. நம் காட்டுப் பாம்பின் ரத்தம் எந்தக் காலத்திலோ, யார் பெட்டியிலோ கடல் கடந்திருக்கிறது.

இந்தியாவில் சட்டம் இப்போது இறுகியிருக்கிறது. நம் மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. பிடித்தாலோ வைத்திருந்தாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வெளிநாட்டுப் பாம்புகளுக்குப் பல காலம் உள்நாட்டில் தெளிவான விதி இல்லை. எல்லையைத் தாண்டிவிட்டால் கேட்பாரில்லை என்ற தைரியத்தில்தான் பெட்டிகள் வந்தன. 2022 சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பந்து மலைப்பாம்பு உட்பட சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிர்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் குட்டி பிறந்தாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லும் அந்த ஒரு விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாருக்கு யார் பிறந்தது என்ற கணக்கு இருந்தால் கடத்திவந்த பாம்பை ‘எங்கள் வீட்டில் பொரித்தது’ என்று சொல்லித் தப்புவது கடினமாகும். உரித்த சட்டையிலேயே மரபணுவைப் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது.

பழக்கடைப் பையனுக்கு நான் சொன்னது இதன் சுருக்கம். சாயமில்லை, பிறப்பே அப்படித்தான். அதன் பிள்ளைகள் அதே நிறத்தில் பிறக்க, இணையும் அந்த மரபணுவைச் சுமந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் பழுப்பாகப் பிறந்து, பேரன் பேத்தியில் மஞ்சள் திரும்பலாம். “அப்ப நம்ம மலையில இருக்கதுலயும் அப்படிப் பொறக்குமா?” என்று கேட்டான். பிறக்கும். எந்த இனத்திலும் பிறக்கும்.

அதைக் கண்டுகொள்ள ஒரு எளிய வழி தென்காசி மாவட்டத்தில் நம் கையிலேயே இருக்கிறது. மழை நாளில் தோப்புக்குள்ளோ வீட்டுப் பின்கட்டிலோ மலைப்பாம்பு வந்தால் 101-க்குச் சொல்கிறோம். தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்து, வனத்துறை வழியாகக் காட்டில் விடுகிறார்கள். விடும்முன் தலையின் குறியையும் முதுகின் முன்பகுதியையும் நேர்மேலிருந்து படம் எடுத்து, இடமும் தேதியும் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பாம்புக்கும் குறி தனி என்பதால், திரும்ப வருவது அதே பாம்பா, புதியதா என்று சில வருடங்களில் தெரிந்துவிடும். ஒரே ஓடைப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரி விநோதக் குறி மறுபடி மறுபடி வந்தால், அது ஒரு குடும்பமா என்று ஆய்வாளர்கள் தேட ஆரம்பிக்க அந்தப் படங்களே போதும்.